ஏலக்காய்த் தேயிலைக்கு ஏழு தண்ணீர்

1

இந்த மாதத்தோடு நான் மலேசியாவுக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்தவன். எனக்குக் கணக்கு வராது என்று போடியில் என் வாத்தியார் அடித்துச் சொன்னதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

வந்தது ஈப்போவில் ஒரு மசாலா கம்பெனிக்கு. ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. ஒப்பந்தம் முடிவதற்குள் கேமரன் மலைப் பெண் கனகாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். அதன்பிறகு வேலையும் மலை ஏறிவிட்டது. கனகாவின் அண்ணன் மாணிக்கம், அதாவது என் மச்சான், பிரிஞ்சாங் ஊரைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில் ஏலக்காய்த் தேயிலை போடுகிறார். எஸ்டேட்டிலிருந்து தூள் வாங்கி, ஏலமும் சுக்கும் இடித்துக் கலந்து, சலித்து, டப்பாவில் அடைப்பது. அவருடைய அப்பா, அம்மா இரண்டு பேரும் தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ளியவர்கள். இவர் அந்தக் கொழுந்துக்கு வாசனை ஏற்றி விற்கிறார். நான் அங்கே தர நிர்வாகி. மூக்குதான் என் உத்தியோகம். காலையில் போய் மூட்டை மூட்டையாக முகர்ந்து, "சரி" அல்லது "சரியில்லை" என்று சொல்வேன். மூக்கடைப்பு வந்தால் லீவு.

இங்கே என்னிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரமாகத் தங்கலாம், ஓட்டுப் போட முடியாது. ஒவ்வொரு முறை அரசாங்க அலுவலகத்துக்குப் போகும்போதும் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் அட்டையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி அட்டையைப் பார்க்கிறார். படத்தில் எனக்குத் தலைமுடி இருக்கிறது. நான் இந்த ஆள்தான் என்று அவரை நம்ப வைப்பதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. என் அப்பா போடியில் ஏலக்காய்த் தரகர். காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றி ஏமாற்றுகிறார்களா என்று பார்க்க, சட்டைப்பையில் எப்போதும் ஈரக் கைக்குட்டை வைத்திருப்பார். காயை அதில் வைத்துத் தேய்ப்பார். கைக்குட்டை பச்சையானால் வியாபாரம் முறிந்தது. என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டிலும் அவர் கை சட்டைப்பைக்குப் போனதை நானே பார்த்தேன்.

இவ்வளவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே நான் ஒரு பெண்ணை வாரக்கணக்காகச் சந்தேகப்பட்ட கதை வருகிறது. பழியில் பாதி பரம்பரைக்குப் போகட்டும்.

2

போன வருஷம் பக்கத்து ஊர் தானா ராத்தாவில் சிறு வியாபாரிகளுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். தலைப்பு: ஹலால் ஏற்றுமதியின் வளர்ச்சியைத் தீர்மானிக்கும் காரணிகள். நான் போனதற்குக் காரணி, இடைவேளையில் கரிபாப், அதாவது நம்மூர் பஃப், உண்டு என்று அழைப்பில் போட்டிருந்தது.

திரையில் காரணிகள் ஒவ்வொன்றாக வந்தன. மலேசிய முத்திரைக்கு வெளிநாடுகளில் உள்ள மதிப்பு. அரசாங்கத்தின் ஊக்கம். வாங்குகிற நாடுகளில் பெருகும் ஜனமும் வருமானமும். துறைமுகம், கப்பல். மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை காட்டக்கூடிய வசதி. பேசியவர் நல்ல மனிதர், படம் படமாக அம்புக்குறி போட்டார். எல்லா அம்பும் மேலே போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் என் காதில், "இந்தாளு நம்ம ரோட்டுல லோரி ஓட்டிப் பாத்ததில்ல போல. இங்க எல்லாமே கீழதான் போவும்" என்றார்.

ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அவர் விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தார். காரணம் எனக்குத் தெரியும். துபாயில் ஒரு மொத்தக் கடைக்காரர் எங்கள் தேயிலையை ருசி பார்த்துப் பிடித்துப்போய், கிள்ளான் துறைமுகத்திலிருந்து போகும் தன் கண்டெய்னரில் எங்களுக்கு ஓர் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். நிபந்தனை ஒன்றுதான்: ஹலால் சான்றிதழ். அது கப்பலுக்கு முன் வரவில்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அந்த இடத்தை நம்பி மச்சான் ஏற்கெனவே ஒரு காரியம் செய்திருந்தார். கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் முட்டைக்கோஸ் கட்டிக்கொண்டிருந்த லெட்சுமி அக்காவையும் இன்னும் நாலு பெண்களையும், "வாங்க, நிரந்தர வேலை" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஏற்றுமதி வராவிட்டால் அவர்களுக்குக் கொட்டகையில் வேலை இல்லை. கோஸ் தோட்டத்திலோ அவர்கள் இடத்தில் அன்றைக்கே வேறு ஆள் போட்டாயிற்று.

அந்தத் திரையில் வராத ஒரு காரணி எனக்கு மட்டும் தெரிந்தது: சந்தேகம். துபாயில் டீ குடிக்கிறவர் பிரிஞ்சாங்குக்கு வந்து எங்கள் கொட்டகையை எட்டிப் பார்க்க முடியாது. தனக்குப் பதிலாகச் சந்தேகப்பட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் எவ்வளவு கறாராகச் சந்தேகப்படுகிறாரோ, அவ்வளவு தூரம் சாமான் போகும். என் அப்பா இந்த நாட்டில் பிறந்திருந்தால் பெரிய அதிகாரியாகியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

3

சந்தேகப்பட வந்த ஆள் ஓர் உஸ்தாஸ். சமய இலாகா அதிகாரி. ஒல்லியாக, கண்ணாடி போட்டு, குளிருக்கு மஃப்ளர் சுற்றியிருந்தார். மேடைப் பேச்சுகளில் எல்லாரும் துவான், புவான் என்று சேர்த்துச் சொல்லி ஆரம்பிப்பதைக் கேட்டுக் கேட்டு, இத்தனை வருஷ மலாய் ஞானத்தோடு நான் அவரை வாசலில் நின்று, "வாங்க துவான் புவான்" என்று வரவேற்றேன். ஐயா அம்மா என்று ஒரே ஆளைக் கூப்பிட்ட கதை. அவர் தன் முதுகுக்குப் பின்னால் யாராவது பெண் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார்.

அந்த முதல் வருகையில் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, சாமான் செய்கிற இடத்தில் வழிபாட்டுப் பொருள் இருக்கக் கூடாது. எங்கள் கலவை டிரம்முக்கு மேலே முருகன் படம், டிரம்மின் நெற்றியில் சந்தனம், குங்குமம். இரண்டு, ஹலால் காரியங்களைக் கவனிக்கக் கம்பெனியில் ஒரு முஸ்லிம் ஆள் வேண்டும்.

எனக்குச் சுருக்கென்றது. முதலில் சாமியைத் தூக்கச் சொல்வார்கள், பிறகு நம்மைத் தூக்கச் சொல்வார்கள் என்று மச்சானிடம் ஓதினேன். அவர் ஏணி போட்டு ஏறி, படத்தைத் துணியில் சுற்றிக் கீழே இறக்கினார்.

"மாப்ள, முருகன் மல மேல இருக்கிற ஆளு. இந்தத் தகரக் கொட்டாயில இத்தன வருசம் இருந்ததே நமக்காகத்தான். வீட்டுல வைப்போம். காலைல கும்பிட்டுட்டு வந்தா போச்சு."

"இன்னைக்குப் படம், நாளைக்கு?"

"நாளைக்கு ஒன் மூஞ்சியக் கழட்டச் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். போதுமா? போய் மூட்டைய மோந்து பாரு."

இரண்டாவது விஷயத்துக்கு வழி சொன்னவள் என் மகள் தர்ஷினி. கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். என்னோடு பேசினால் "ம்", "ஓகே", "அப்புறம்" என்று மூன்றே சொல்தான். அவளோடு கல்லூரியில் படித்த ஒரு பெண் நம் மலையிலேயே, ரிங்லெட்டில் இருக்கிறாள், உணவு அறிவியல் படித்தவள், வேலை தேடுகிறாள் என்றாள். அவள்தான் நூருல் ஐனி.

4

ஐனி வந்த முதல் வாரத்திலிருந்தே எனக்கு மூக்கில் ஏதோ தட்டியது.

அவள் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்தாள். ஏலக்காய்ச் சாக்கு, எடை மெஷினின் எண்ணெய் டப்பா, கைகழுவும் சோப்பு, அதன் பின்பக்க எழுத்துகள். நான் சாப்பிடும் மிக்சர் பொட்டலத்தைக்கூட எடுத்தாள். எஸ்ஸென்ஸ் எதுவும் சேர்க்கிறோமா, அதில் ஆல்கஹால் உண்டா என்று கேட்டாள். "என் மூக்கு இருக்கும்போது எஸ்ஸென்ஸ் எதற்கு?" என்று பெருமையாகச் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

சாமான் ஏற்ற வந்த காய்கறி லோரிக்காரரிடம், "நேற்று இந்த லோரியில் என்ன ஏற்றினீர்கள்?" என்று கேட்டாள். அவர், "நீ யாரு, போலீஸா?" என்றார். அவள் சிரித்துவிட்டு, பன்றிப்பண்ணைச் சாமான் எதுவும் ஏற்றியதில்லை என்று அவர் வாயால் சொல்ல வைத்துத்தான் விட்டாள்.

எல்லாவற்றையும்விட என்னை அறுத்தது, அவள் எங்கள் டீயைக் குடிக்கவில்லை. கொட்டகையில் வேலை செய்கிற எல்லாரும் நாளெல்லாம் அதைத்தான் குடிப்போம். லெட்சுமி அக்கா ஒவ்வொரு தடவையும் அவளுக்கும் ஒரு கிளாஸ் நீட்டுவார். ஐனி நன்றி சொல்லி, தன் போத்தலிலிருந்து வெந்நீர் குடிப்பாள்.

"நம்ம கையால குடுத்தா குடிக்க மாட்டா போல" என்றேன் லெட்சுமி அக்காவிடம்.

"ஏன் ஊர்க்காரரே, உங்க வீட்டம்மா போடுற டீயவே நீங்க குடிக்கிறதில்லன்னு கனகா சொன்னாளே. அதுக்கு என்னா அர்த்தமாம்?"

இந்தியாவிலிருந்து வந்தவனை இங்கே ஊர்க்காரன் என்பார்கள். எத்தனை வருஷம் ஆனாலும் நான் ஊர்க்காரன்தான். என் ஊரில் கேட்டால் மலேசியாக்காரன் என்பார்கள். இரண்டு இடத்திலும் என்மேல் லேசான சந்தேகம் உண்டு.

ஒரு நாள் மதியம் ஐனி வாசலில் நின்று மலாயில் யாரிடமோ பேசி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பேச்சில் "அங்கிள்" என்ற சொல் இரண்டு தடவை வந்தது. போனை வைத்ததும், "தர்ஷினி உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்" என்றாள். என்னிடம் மூன்று சொல் பேசுகிற என் மகள் இவளிடம் அரை மணி நேரம் பேசுகிறாள். அதுவும் எனக்குச் சரியாகப் புரியாத வேகத்தில். என்னைப் பற்றித்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயம் அந்த ஒன்றுதான்.

பிறகு ஒரு நாள் மாலை, வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் கொட்டகைச் சாமான் ஒன்றைப் பைக்குள் போட்டதைப் பார்த்தேன். தட்டையான, மரப்பிடி போட்ட ஏதோ ஒன்று. கலப்பு விகிதத்தைத் திருடிப் போட்டியாளருக்குக் கொடுக்கப் போகிறாளா? இல்லை, உஸ்தாஸிடம் எங்களைப் பற்றிச் சாட்சி சேர்க்கிறாளா? மச்சானிடம் சொன்னேன்.

"எடுத்துக்கிட்டுப் போனது என்னா?"

"தெரியல. பிடி மட்டும் தெரிஞ்சுது."

"அப்ப பிடிய வச்சு டீ போடுறாளான்னு பாரு மாப்ள" என்றார்.

5

மறுநாள் காலை நான் வழக்கத்துக்கு முன்னாலேயே போய்விட்டேன். ஐனி எனக்கும் முன்னால் வந்திருந்தாள். கொட்டகைக்குப் பின்புறம் டீ போடும் அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அடுப்பில் நீலச் சுடர். கையில் ஏதோ பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் பூனைபோல் போனேன். மூக்கு எனக்கு முன்னால் போயிற்று. முடி தீய்கிற நாற்றம்.

"அங்கிள், நீங்களே பாருங்கள்" என்றாள் திரும்பாமலே. என் பூனை நடை அந்த லட்சணம்.

அவள் கையில் இருந்தது சல்லடை பிரஷ். சலிக்கும்போது வலைக்கண்ணில் தூள் அடைத்துக்கொள்ளும். அதைத் தேய்த்து இறக்க, சுவருக்குச் சாயம் அடிப்பதுபோன்ற தட்டை பிரஷ். மஞ்சள் கலந்த வெள்ளை முடி. மச்சானுக்கு நைலான் பிரஷ் ஆகாது. "பிளாஸ்டிக் முடி தூள்ல விழுந்தா ஜனங்க வயித்துக்குத்தான் போவும்" என்பார். பல வருஷத்துக்கு முன் ஒரு ஹார்டுவேர் கடையை மூடும்போது பெட்டியோடு வாங்கி வைத்தது. இன்னும் பாதிப் பெட்டி இருக்கிறது. சாமிக்குப் படைப்பது மாதிரி பார்த்துப் பார்த்து எடுப்போம்.

ஐனி ஒரு முடியைக் கிள்ளிச் சுடரில் காட்டினாள். உருகவில்லை. சுருண்டு கருகிச் சாம்பலாக உதிர்ந்தது. இன்னொரு முடியின் நுனியை என் கண்ணுக்கு நேரே பிடித்தாள். நுனி இரண்டாகப் பிளந்திருந்தது.

"நைலான் என்றால் உருகி உருண்டையாகும். இது பிராணியின் முடி. நேற்று இதைத் தானா ராத்தா கடைக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். இதே மாதிரி பிரஷைத் தனி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். மேலே எழுதி ஒட்டியிருக்கிறது." பிரஷைக் கீழே வைத்தாள். "பன்றி முடி."

நான் அடுப்பை அணைத்தேன். அந்த நேரத்தில் செய்யத் தோன்றியது அதுதான்.

"வந்த நாளே இதைப் பார்த்தேன் அங்கிள். நிச்சயம் தெரியாமல் யார்மேலும் பழி சொல்லக் கூடாது இல்லையா? அதனால்தான் டீ மட்டும் குடிக்கவில்லை."

நான் வாரக்கணக்காகச் சேர்த்து வைத்த சாட்சியங்கள் எல்லாம் ஒரே வாக்கியத்தில் பொலபொலவென்று உதிர்ந்தன. ஆனால் அதை அனுபவிக்க நேரமில்லை. உஸ்தாஸ் இறுதிச் சோதனைக்கு வர ஒரு வாரம் இருந்தது. அதைவிடப் பெரிய சோதனை மச்சான்.

மச்சான் காவடி எடுத்த வருஷத்திலிருந்து சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொட மாட்டார். கொட்டகைக்குள் கவிச்சி வரக் கூடாதென்று, கறிச்சோறு கொண்டுவருகிறவர்களை வெளியே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்வார். அந்த மனிதர் நாளெல்லாம் குடித்தது பன்றி முடியால் தேய்த்து இறக்கிய தேயிலை.

"ஐனி, ஒண்ணு செய்வோம்" என்றேன், எனக்குத் தெரிந்த மலாயில். "பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போடுவோம். புது பிரஷ் வாங்குவோம். சல்லடையை நல்லாக் கழுவுவோம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"போடலாம் அங்கிள். நாளைக்கே போடலாம்." அவள் குரல் உயரவில்லை. "ஆனால் எல்லாம் சுத்தம் என்று உஸ்தாஸிடம் சொல்ல நான் வர மாட்டேன். நீங்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்."

6

மச்சானிடம் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஐனி சொல்ல வந்தாள். நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு மலாய்ப் பெண் வாயால் அதைக் கேட்டால் மச்சானுக்குக் கோபம் வேறு பக்கம் திரும்பிவிடுமோ என்று பயம். அதாவது நான் மச்சானையும் சந்தேகப்பட்டேன். பாக்கி யாரும் இல்லை.

அவர் கையில் டீ கிளாஸோடுதான் நின்றார். சுற்றி வளைத்தேன். பிரஷ் என்றேன், இயற்கைப் பொருள் என்றேன், பிராணிகளில் பலவகை என்றேன்.

"மாப்ள, நீ பேசுற இந்த மாதிரி பேச்ச டாக்டருங்கதான் பேசுவாங்க. யாரு செத்தா?"

சொன்னேன். அவர் கிளாஸைப் பார்த்தார். கீழே கொட்டவில்லை, மெதுவாக மேசைமேல் வைத்தார். வெளியே போய்க் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தார். துப்பினார். மறுபடி கொப்பளித்தார். லெட்சுமி அக்காவும் மற்ற பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். விஷயம் ஒரு நிமிஷத்தில் பரவிவிட்டது.

"நான் பன்னிக்கறி சாப்பிடுறவதான்" என்றார் லெட்சுமி அக்கா. "கொழம்புல கெடந்தா அது வேற. டீயில எதுக்குலா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. மச்சான் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"உஸ்தாஸுக்குப் போன் போடு."

"மச்சான், ஒரு நிமிஷம். அவர்கிட்டச் சொன்னா கதை நீளும். கழுவணும்னு சொல்வாங்க, கலந்து வச்ச தூள் பூராவையும் கொட்டணும்னு சொல்வாங்க, ரிப்போர்ட் குவந்தான் தலைமை ஆபீசுக்குப் போகும். கப்பல் போயிரும். இந்த அஞ்சு பேரையும் என்ன செய்யறது?"

அவர் அந்த ஐந்து பேரையும் பார்த்தார். லெட்சுமி அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அப்ப மறுபடியும் முட்டக்கோசுதானா?" என்றார். கேலி மாதிரி ஆரம்பித்த குரல் கடைசியில் கேலியாக இல்லை.

"தெரியாது லெட்சுமி" என்றார் மச்சான். "கப்பல் போனா போவும். ஒனக்கு வேற வழி நான் பாக்கணும், அது என் கடமை." பிறகு என்னிடம் திரும்பினார். "மாப்ள, அவங்களுக்காகக் கழுவச் சொல்றேன்னு நெனச்சியா? எனக்குக் கழுவணும். நீ கூப்புடுறியா, நான் கூப்புடவா?"

அவரே கூப்பிட்டார். இங்கே பிறந்து வளர்ந்தவருடைய மலாய். எனக்கு அதில் பாதி புரிந்தது. "பாபி" என்ற சொல்லை, பன்றி என்பதை, அவர் ஒரு தடவைகூட விழுங்காமல் சொன்னார்.

7

உஸ்தாஸ் மறுநாளே வந்துவிட்டார். கத்துவார், கேஸ் எழுதுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் பிரஷைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு மச்சானிடம், "உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்கும்" என்றார். அவ்வளவுதான். இதில் ஏதாவது சூழ்ச்சி இருக்குமா என்று நான் வெகுநேரம் யோசித்தேன்.

பன்றி சம்பந்தப்பட்டது பட்டால் ஏழு தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், அதில் ஒரு தண்ணீரில் சுத்தமான மண் கரைத்திருக்க வேண்டும். அதற்கு இங்கே செர்த்து என்று பெயர். டிரம், மேசை, கரண்டி, தட்டு என்று தூள் பட்ட இரும்பு எல்லாவற்றுக்கும் கழுவல். சல்லடை வலைகளையும் பிரஷ்களையும் தூக்கிப்போட்டோம். கலந்து வைத்த தூள் பூராவும் மச்சான் வீட்டுத் தோட்டத்தில் குழியில் போயிற்று. தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் கடைகளில் கிடந்ததை நானே போய்த் திருப்பி எடுத்தேன். காரணம் கேட்டவர்களிடம் காரணத்தைச் சொல்லச் சொல்லி மச்சான் உத்தரவு. ஒரு கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்கதான தர நிர்வாகி?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

மண்ணுக்குப் பஞ்சமில்லை. இந்த மலையில் பலத்த மழை பெய்தால் அது கேட்காமலே வீட்டுக்குள் வரும். ஆனால் உரமோ மருந்தோ படாத மண் வேண்டும் என்றார் உஸ்தாஸ். சுற்றிலும் காய்கறித் தோட்டம் இருக்கிற ஊரில் அது லேசில்லை. கடைசியில் எஸ்டேட் எல்லையில், காட்டு ஓரத்தில் தோண்டி எடுத்து வந்தோம். உத்தியோக தர்மத்துக்காக நான் அதையும் முகர்ந்து பார்த்து, "சரி" என்றேன்.

ஐனி வாளியில் கரைத்தாள். லெட்சுமி அக்கா வாங்கி டிரம்முக்குள் ஊற்றித் தேய்த்தார். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைகளைக் கழுவினார். பெண்கள் வாளி மாற்றி வாளி கொடுத்தார்கள். எண்ணிக்கை தவறக் கூடாதென்று உஸ்தாஸ் சத்தமாக மலாயில் எண்ண, லெட்சுமி அக்கா தமிழில் திருப்பி எண்ணினார். செம்மண் தண்ணீர் வாசல் வழியாக ஓடியது. என் அப்பாவின் ஈரக் கைக்குட்டையை நினைத்தேன். அவர் அதைத் தேய்த்துப் பார்த்துவிட்டு நடந்துவிடுவார். சாயம் ஏற்றியவன் அந்தக் காயை என்ன செய்தான் என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது மச்சான் உஸ்தாஸிடம் மலாயில் கேட்டார்:

"இரும்பக் கழுவியாச்சு. நான் இத்தன வருசம் குடிச்சிருக்கேன். என் வயித்த என்னா செய்யிறது?"

உஸ்தாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியாமல் நடந்ததற்கு எங்களிடம் பாவம் இல்லை. உங்கள் பக்கம் எப்படி?"

மச்சான் மடித்த வேட்டியை இறக்கிவிட்டார். "எங்க பக்கம் கொஞ்ச நாள் வெரதம் இருக்கணும்."

"இருங்கள்" என்றார் உஸ்தாஸ். "அறிக்கையை நான் சீக்கிரம் அனுப்பப் பார்க்கிறேன். ஆனால் குவந்தானில் அடுத்த கூட்டத்தில்தான் முடிவு செய்வார்கள்."

அந்தக் கூட்டத்துக்கு முன்னால் கப்பல் கிளம்பிவிடும். அங்கே நின்ற எல்லாருக்கும் அது தெரியும்.

8

துபாய்க்குப் போன் செய்ய வேண்டியவன் நான். கம்பெனியின் ஆங்கிலம் என் பொறுப்பு. அந்தக் கடையின் மேலாளர் பெயர் ஹம்சா. இதுவரை நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். இரண்டு பக்கமும் தப்புத்தப்பாக, மரியாதையாக.

காலையிலிருந்தே ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல பொய். கேமரன் ரோட்டில் மண்சரிவு, பாதை அடைப்பு, சாமான் இறங்க வழியில்லை. எந்தச் செய்தியைப் பார்த்தாலும் நம்பக்கூடியது. இடத்தை அடுத்த கப்பலுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சலாம். பன்றி என்ற சொல்லை ஒரு முஸ்லிம் வியாபாரியிடம் சொன்னால் இந்தக் கப்பல் மட்டுமில்லை, எந்தக் கப்பலும் கிடையாது என்பது என் கணிப்பு.

மேசைமேல் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன். மச்சான் பக்கத்தில். ஐனி, லெட்சுமி அக்கா, எல்லாரும் சுற்றி. ஹம்சா எடுத்தார். நலம் விசாரித்தேன். பிறகு மலையைச் சரித்தேன். மழை, பாறை, மரம் என்று ஆங்கிலத்தில் தெரிந்ததை எல்லாம் ரோட்டில் போட்டு அடைத்தேன்.

"மண்ணு எங்க மாப்ள சரிஞ்சிச்சு?" என்றார் மச்சான். "ஏன் பொய் சொல்ற?"

நான் கையைக் காட்டி அடக்குவதற்குள் போனிலிருந்து தமிழ் வந்தது.

"யாரு அது? என்ன பொய்?"

ஹம்சா பாலக்காட்டுக்காரராம், பத்து வருஷம் கோயம்புத்தூரில் கடை வைத்திருந்தாராம். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்ததால் மரியாதைக்கு அவரும் ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டிருந்தார். இத்தனை மாதமும் இரண்டு தமிழ் தெரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் ஆங்கிலத்தில் வதைத்திருக்கிறோம்.

மச்சான் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வணக்கம் தம்பி. நான் மாணிக்கம், கம்பெனி என்னோடது. மண்ணு சரியல. எங்க சல்லடைக்கு வச்சிருந்த பிரஷ் பன்னி முடியில செஞ்சதாம். எங்களுக்குத் தெரியல. நான் சைவம், நானே குடிச்சிருக்கேன். உஸ்தாஸக் கூப்புட்டு ஏழு தண்ணி ஊத்திக் கழுவியாச்சு. இருந்த தூளெல்லாம் கொட்டிட்டேன். பேப்பர் வர நாளாவும். இந்தக் கப்பலுக்கு எங்களால வர முடியாது. ஒங்க எடத்த வீணாக்கிட்டோம், மன்னிச்சுக்கணும்."

லைனே அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். பேச்சு நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அண்ணே," என்றார் ஹம்சா கடைசியில், "அந்த பிரஷ் பாக்க எப்படி இருக்கும்?"

"தட்டையா. மரப்பிடி. வெள்ளையும் மஞ்சளுமா முடி. நெருப்புல காட்டினா உருகாது, கருகும்."

நாற்காலி இழுபடும் சத்தம். செருப்புச் சத்தம். அவர் யாரையோ மலையாளத்தில் கூப்பிட்டு ஏதோ எடுத்து வரச் சொன்னார்; அதில் "பிரஷ்" என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. தூரத்தில் ஒரு கதவு திறந்தது, பொட்டலம் போடுகிற மெஷின் இரைச்சல் பெரிதாகிச் சின்னதானது. லைட்டர் கிளிக் என்றது. ஒரு முறை எரியவில்லை. மறுமுறை கிளிக் என்றது.

லெட்சுமி அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நீண்ட நேரம் கழித்து ஹம்சா போனுக்குத் திரும்பி வந்தார். குரல் வேறாக இருந்தது.

"அண்ணே, அடுத்த கப்பல்ல உங்க இடம் இருக்கு. பேப்பர் வந்ததும் சொல்லுங்க, ஏத்திக்கலாம்." குரலைத் தாழ்த்தினார். "அது கெடக்கட்டும், இப்ப ஒண்ணு கேக்கணும். அந்த மண் கரைச்ச தண்ணி, முதல்ல ஊத்தினீங்களா, கடைசியிலயா?"

மச்சான் அதை ஐனியிடம் மலாயில் கேட்டார். ஐனி போன் பக்கம் குனிந்து, மெதுவாக, ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள். போனில் விரல் தெரியாது என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

"முதல்ல" என்றேன் நான், தமிழில்.